காணி சுவீகரிப்பு: அறிவித்தல் ஒட்டப்பட்டால் என்ன செய்யலாம்?

மட்டக்குளியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் அம்மாவின் தகரப் பெட்டியொன்று உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது அவர் கையோடு கொண்டுவந்த காணி உறுதி அதற்குள் இருக்கிறது. "உறுதி எங்கட கையில இருக்கேக்க ஆர் காணியை எடுக்கேலும்?" என்று கேட்பார். அரசாங்கம் எடுக்கலாம் என்பதே சட்டத்தின் பதில். ஆனால் நினைத்தபடி எடுக்க முடியாது.

இதற்கான சட்டம் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம். பொதுத் தேவைக்காகத் தனியார் காணியை எடுக்க அது இடமளிக்கிறது. நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் சொத்துரிமை இல்லை. ஆகவே இச்சட்டம் சொல்லும் நடைமுறைதான் காணிக்காரருக்கு முக்கிய பாதுகாப்பு.

முதலாவது, 2ஆம் பிரிவு அறிவித்தல். அது மும்மொழியிலும் அப்பகுதியில் கண்ணில் படும் இடங்களில் ஒட்டப்படும். அதன்பின் அதிகாரிகள் உள்ளே சென்று அளக்கலாம். அடுத்தது 4ஆம் பிரிவு அறிவித்தல். எழுத்தில் ஆட்சேபிக்க ஆகக்குறைந்தது 14 நாட்கள் தரப்படவேண்டும். ஆட்சேபனைகளைப் பரிசீலித்த பிறகே 5ஆம் பிரிவின் கீழ் அமைச்சர் பிரகடனம் செய்யலாம். பின்னர் 7ஆம் பிரிவு அறிவித்தல் உரிமை கோருவோரை அழைக்கும், விசாரணை நடக்கும், சந்தைப் பெறுமதிப்படி இழப்பீடு தீர்மானிக்கப்படும். தொகை போதாதென்றால் 21 நாட்களுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம்.

ஆபத்தான இடம் 38ஆம் பிரிவு. 'அவசரம்' என்று அமைச்சர் கட்டளையிட்டால், 2ஆம் பிரிவு அறிவித்தலுக்குப் பிறகு எந்நேரமும் காணியைக் கையேற்கலாம்.

இந்த நடைமுறை, காணிக்காரர் தன் காணியில் இருக்கிறார் என்று எண்ணி எழுதப்பட்டது. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கு, கிழக்குப் பகுதிகளில் 6,381 ஏக்கரைப் படைத்தரப்புக்காக எடுக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, உரிமையாளர்கள் முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் இருந்தார்கள். போகவே முடியாத காணிக்கான அறிவித்தலை எப்படிப் பார்ப்பது? ஆனாலும் ஆயிரத்துக்கும் அதிகமானோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். 2015 முதல் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. இன்னும் காத்திருப்போர் உண்டு.

நீதிமன்றங்கள் சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கின்றன. பொதுத் தேவை எதுவென்பதை 2ஆம் பிரிவு அறிவித்தலிலேயே சொல்லவேண்டும் என்று 2000இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுத் தேவைக்கென எடுத்த பத்தரமுல்லைக் காணி கோல்ஃப் மைதானத்துக்காகத் தனியாருக்குப் போனதை 2008இல் அதே நீதிமன்றம் செல்லாதென்றது. இழப்பீடு கொடுக்கப்படாமல், பொதுத் தேவைக்கும் பயன்படுத்தப்படாமல், அபிவிருத்தியும் செய்யப்படாமல் கிடக்கும் காணியை உரியவருக்குத் திருப்பிக் கொடுக்க 39அ பிரிவு இடமளிக்கிறது.

ஊரைவிட்டுத் தூர இருப்பவர்கள் செய்யக்கூடியவை: உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுத்து வையுங்கள். இறந்தவர் பெயரில் காணி இருந்தால் உரித்தாளர் யாரென்பதை இப்போதே ஒழுங்குபடுத்துங்கள். உங்கள் தற்போதைய முகவரியைப் பிரதேச செயலகத்துக்குப் பதிவுத் தபாலில் அறிவித்து, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அறிவித்தல் ஒட்டப்பட்டதாக யாராவது சொன்னால் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, திகதியைக் குறித்துக்கொண்டு, அன்றே சட்டத்தரணியைப் பாருங்கள்.

அம்மாவின் பெட்டியில் இப்போது உறுதியோடு அந்தத் தபால் பற்றுச்சீட்டும் இருக்கிறது.