கிறிஸ்துமஸ் மரமும் ஹனுக்கா விளக்கும்

ஒரு குலத்தின் வரலாற்றைக் குழந்தை முதன்முதல் கற்பது வீட்டு விழாக்களிலேதான். எழுத்தறியும் முன்னரே, இந்நாளில் விளக்கேற்றுவது எதற்கு என்று அது தாயிடம் வினவுகின்றது. ஒரே இல்லத்தில் இரு சமயங்களின் விழாக்கள் நடைபெறுமாயின், அவ்வினாவுக்கு விடை கூறுவது எளிதன்று. ஐரோப்பிய யூதர் வரலாறு இதற்குத் தக்க சான்றாக விளங்குகின்றது.

ஹனுக்கா யூதரின் விளக்கு விழாவாகும். சிரியாவிலிருந்து ஆண்ட கிரேக்க மரபு மன்னன் நான்காம் அந்தியோக்கஸ், யூதரின் சமய நெறியைத் தடை செய்து, ஜெருசலம் கோயிலில் வேற்றுத் தெய்வ வழிபாட்டைப் புகுத்தினான். மக்கபேயர் என்னும் குடும்பத்தார் கிளர்ந்தெழுந்து போரிட்டு, கி.மு. 164இல் கோயிலை மீட்டுத் தூய்மை செய்தனர். அதன் நினைவாக எட்டு நாள் விளக்கேற்றுவர். முதல் நாள் ஒரு சுடர், மறு நாள் இரண்டு என நாளுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுவது மரபு. கிறிஸ்துமஸோ இயேசுவின் பிறப்பைப் போற்றும் திருநாள். உரோம் நகரில் டிசம்பர் 25ஆம் நாளோடு அது இணைந்திருந்தமைக்குக் கி.பி. 336ஆம் ஆண்டு முதல் சான்றுண்டு. யூத நாட்காட்டி திங்களையும் ஞாயிற்றையும் ஒருங்கே தழுவியதாகலின், ஹனுக்கா ஆண்டுதோறும் முன்பின்னாக வரும். எனினும் இரு விழாக்களும் ஒரே குளிர்காலத்தில் அமைகின்றன. 2024ஆம் ஆண்டில் ஹனுக்காவின் முதல் விளக்கு டிசம்பர் 25ஆம் நாள் மாலையிலேயே ஏற்றப்பட்டது.

கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மானியர் வழக்கம். அது 19ஆம் நூற்றாண்டில் நடுத்தர வகுப்பார் இல்லங்களில் பரவியபோது யூதர் இல்லங்களிலும் நுழைந்தது. பெர்லினில் பிறந்து வியன்னாவில் வாழ்ந்த ஃபானி வான் ஆர்ன்ஸ்டைன் என்னும் யூத மாது, 1814இல் தம் மாளிகையில் பெர்லின் முறைப்படி மரம் வைத்தார் என்பது காவல் துறையினரின் இரகசியக் குறிப்பொன்றால் தெரிய வருகின்றது. பின்னர், 1871இல் அமைந்த ஜெர்மானியப் பேரரசில் யூதர் சட்டப்படி சம உரிமை பெற்றனர். 1875ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுத் திருமணத்தை நாடெங்கும் நிலைநாட்டியது. யூதரும் கிறிஸ்துவரும் சமயம் மாறாமலே மணந்துகொள்ள வழி பிறந்தது. கலப்பு மணம் செய்யாத யூதர் பலரும் மரத்தைச் சமயச் சின்னமாகக் கருதாமல், நாட்டு விழாவின் அடையாளமாகக் கொண்டனர். இரு விழாக்களும் கலந்த இந்நிலையைக் குறிக்க, ஜெர்மானிய மொழியில் அவற்றின் பெயர்களை ஒட்டி ‘வைனுக்கா’ என்று கேலியாக ஒரு சொல்லும் எழுந்தது.

இக்கலப்பிலிருந்து தலைவர்களும் தப்பவில்லை. யூதருக்குத் தனி நாடு வேண்டும் என்ற இயக்கத்தைப் பின்னர் நடத்திய தியோடோர் ஹெர்சல், 1895 டிசம்பர் 24ஆம் நாள் வியன்னாவில் தம் குழந்தைகளுக்காக மரத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். அவ்வேளை வந்த யூதத் தலைமைக் குரு மோரிட்ஸ் கூடெமான் அக்காட்சியைக் கண்டு மனம் வருந்தினார். இதனை ஹெர்சலே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1897 டிசம்பரில், தம் குழந்தைகளுக்கு ஹனுக்கா விளக்கின் கதையைக் கூறத் தொடங்கும் ஒரு தந்தையைப் பற்றி அவர் ஒரு சிறுகதை வெளியிட்டார். மரத்தைப் பற்றிக் கூறக் கதையின்றி நின்ற தந்தைக்கு விளக்கைப் பற்றிக் கூற ஒரு கதை கிடைத்துவிட்டது.

பெர்லினில் அச்சகம் நடத்திய ஷோலம் குடும்பத்தின் வரலாறு இன்னும் கருதத்தக்கது. அவ்வீட்டார் யூதரே, எனினும் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் மரமும் விருந்தும் பரிசுகளும் உண்டு. இளைய மகன் கெர்ஷோம் யூத நெறியில் நாட்டங்கொண்டதை அறிந்த தாய், 1911இல் ஹெர்சலின் படத்தைச் சட்டமிட்டு, அம்மரத்தடியிலேயே அவருக்குப் பரிசாக வைத்தார். தாயின் அன்பில் குறையில்லை. ஆயினும் மகன் அதற்குப்பின் கிறிஸ்துமஸ் நாளில் வீட்டில் தங்குவதில்லை. அவர் 1923இல் ஜெருசலம் சென்று குடியேறி, யூத மறைஞான ஆராய்ச்சியில் பேரறிஞரானார். அதே மரத்தடியில் வளர்ந்த உடன்பிறந்தாருள் ரைன்ஹோல்டு ஜெர்மானிய நாட்டுப்பற்றாளர், எரிக் மிதவாதி, வெர்னர் பொதுவுடைமையாளர். வெர்னர் 1940இல் புகன்வால்டு வதை முகாமில் கொல்லப்பட்டார். 1935ஆம் ஆண்டு நூரம்பர்க் சட்டங்கள் யூதர்க்கும் பிற ஜெர்மானியர்க்கும் இடையே மணத்தைத் தடுத்தன. மூன்று பாட்டன் பாட்டியர் யூதராயின் பேரனும் யூதனே என்றன. அவன் வீட்டில் மரம் நின்றதா என்று அவை வினவவில்லை.

இப்பிரச்சினை பின்னர் அமெரிக்காவில் புதிய வடிவில் தோன்றியது. பியூ ஆய்வு மையத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 2010க்குப் பின் மணந்த யூதருள் 61 விழுக்காட்டினர் யூதரல்லாதாரை மணந்தவர். இத்தகைய இல்லங்களில் மரம் தாயின் சிறுபிராய நினைவாகவும், விளக்கு தந்தையின் நினைவாகவும் இருக்கலாம், மாறியும் இருக்கலாம். எதனை விலக்கினும் ஒரு பாட்டியின் மனம் புண்படும்.

எனவே இரண்டையும் வைத்துக்கொள்வோர் பலர். ஆனால் ஹனுக்கா, பிறர் நெறியில் கரைந்துவிட மறுத்தவர்களின் விழாவாகும். அவ்விளக்கை மரத்தின் அருகே வைக்கும் பெற்றோர், அம்முரண்பாட்டையும் உடன் வைக்கின்றனர். இரண்டும் பரிசளிக்கும் நாள்களே என்று கூறி வேற்றுமையை மறைப்பது எளிது. அவ்வாறு வளரும் குழந்தைக்குப் பரிசு நினைவிருக்கும், பொருள் நினைவிராது. இது கிறிஸ்து பிறந்த கதை, இதனைத் தாய் நம்புகின்றாள். இது கோயில் மீண்ட கதை, இதனைத் தந்தையின் முன்னோர் காத்தனர் என்று இரண்டையும் தனித்தனியே உரைப்பது கடினம். எனினும் அதுவே குழந்தைக்குச் செய்யும் நேர்மை.

ஷோலம் இல்லத்தில் மரம் இருந்தது தவறென்று வரலாறு கூறவில்லை. அம்மரம் அங்கு நிற்பது ஏன் என்று மைந்தன் கேட்டபோது மனநிறைவு தரும் விடை எவரிடமும் இல்லை என்பதையே அது காட்டுகின்றது. விழாவைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வோர், அதன் பொருளையும் உடன் விட்டுச்செல்லக் கடமைப்பட்டவராவர்.