சிறுதேரும் சிறுகாரும்

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் இரயில் ஆரம்பாக்கத்தைக் கடந்ததும், ஆந்திர மண்ணில் முதலிற் காணும் நிலையம் தடா. டில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழர்களுள் அந்தப் பெயர்ப் பலகையை வண்டியின் சன்னல் வழியே கண்டவர் பலர் இருப்பர். கிழக்கே பழவேற்காட்டு ஏரி. மேற்கே சத்தியவேட்டுக்குச் செல்லும் வழி. 2022 வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த தடா இப்போது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இவ்வெல்லைப் பகுதியில் ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் எழுந்துள்ளது. அங்கே ஜப்பானிய இசுசு கம்பெனியின் மோட்டார் ஆலை 2016-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது.

மோட்டார் வண்டி பிறக்கும் இடம் அத்தகைய பெரிய ஆலை மட்டுமன்று. சிறுவனது மேசைமீதும் அது பிறக்கிறது. பெட்டியில் அடங்கிய நூறு சிறு உறுப்புக்களை ஒன்றோடொன்று ஒட்டி, உண்மைக் காரின் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் ஒரு காரை உருவாக்கும் பொழுதுபோக்கு, அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவியது. அந்தப் பெட்டியைக் 'கிட்' என்று வழங்குவர். விளையாட்டுப் போலத் தோன்றும் இக்கலை, ஒரு நாட்டின் தொழில் வரலாற்றோடு எவ்வாறு பின்னிக் கிடக்கிறது என்பதையும், நம் நாட்டின் வரலாற்றுக்கு அது எவ்வாறு ஓர் உவமையாகிறது என்பதையும் இங்கே காண்போம்.

பெரிய ஊர்தியைச் சிறிதாகச் செய்து மகிழும் ஆசை நமக்குப் புதியதன்று. சிந்துவெளி நகரங்களில் சுட்ட மண்ணாலான சிறு வண்டிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. மூன்று உருளைகளையுடைய சிறுதேரைக் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டி விளையாடியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியானது சிறுதேர்ப் பருவம். வடமொழியில் சூத்திரகர் இயற்றிய நாடகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 'மண்ணியற் சிறுதேர்' என்னும் பெயரில் தமிழாக்கினார். அந்நாடகத்தில், அண்டை வீட்டுக் குழந்தையின் பொன் தேரைக் கண்ட சிறுவன் தன் மண் தேரை வெறுத்து அழுகிறான். பிறர் கையிலுள்ள ஆயத்தப் பொருளுக்கு ஏங்கும் அந்த அழுகை இன்றும் எந்தக் கடைவீதியிலும் கேட்பதன்றோ!

சிறிதாக்குவதற்கு அளவு வேண்டும். நம் சிற்பிகள் இதனை நன்கு அறிந்திருந்தனர். பத்துத் தாலங்களுள் உத்தம வகையான உருவத்திற்கு 124 அங்குலம் என்று சிற்பநூல் விதிக்கும்போது, அந்த அங்குலம் கடையில் வாங்கும் அடிக்கோலின் அங்குலம் அன்று. உருவத்தின் மொத்த உயரத்தை 124-ஆகப் பகுத்தால் வரும் ஒரு கூறே அங்கே அங்குலம். ஆதலால் உருவம் சாண் அளவினதாயினும், ஆள் உயரத்தினதாயினும், முகத்துக்கும் மார்புக்கும் உள்ள பொருத்தம் மாறுவதில்லை. மாதிரிக் கார் செய்வோர் 'இருபத்தைந்தில் ஒன்று' என்று கூறும் விதியும் இதே அறிவின்பாற் பட்டது. எல்லா உறுப்புக்களும் ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். ஒன்று பிழைத்தாலும் கண் அதனை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். ஒஹையோ மாநிலத்தில் குதிரை வண்டி செய்யும் குடும்பத்திற் பிறந்த பிஷர் சகோதரர்கள், 1908-ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகரில் மோட்டார் வண்டிகளுக்கு மேற்கூடு செய்யும் கம்பெனியை நிறுவினர். அது பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியோடு இணைந்தது. 1930-ஆம் ஆண்டில் பிஷர் கம்பெனி சிறுவர்களுக்கென ஒரு கைவினைப் போட்டியை ஏற்படுத்திற்று. நெப்போலியனின் அரச வண்டிகளை ஒட்டி வகுத்த ஒரு சாரட்டின் வரைபடங்கள் போட்டியாளருக்கு அனுப்பப்பட்டன. மரத்தைச் செதுக்கி, உலோகத்தை உருக்கி வார்த்து, இருக்கைக்குத் துணி தைத்து, வண்ணம் தீட்டி, அந்தச் சாரட்டைச் சிறிய அளவில் அவர்கள் செய்ய வேண்டும். தலையாய பரிசு 5,000 டாலர் கல்வி உதவித்தொகை. உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிய அக்காலத்தில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு அது ஒரு வாழ்வே எனலாம். சிறுமியர்க்கு அப்போட்டியில் இடமளிக்கப்படவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும்.

1937-இல் போட்டியில் மற்றொரு பிரிவு சேர்ந்தது. பழைய சாரட்டைப் பார்த்துச் செய்வதற்குப் பதிலாக, வருங்காலக் காரைத் தாமே கற்பனை செய்து, பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் அமைக்கும் பிரிவு அது. 1947-இல் இப்போட்டியில் பரிசு பெற்ற சார்லஸ் ஜோர்டன் என்பவர், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியிற் சேர்ந்து, 1986 முதல் 1992 வரை அதன் வடிவமைப்புப் பிரிவுக்கே தலைவராக விளங்கினார். போட்டி 1968-இல் நின்றது. கம்பெனி விரும்பியது விளம்பரம் மட்டுமன்று. நாளைய வடிவமைப்பாளரை இன்றே கண்டுகொள்வதும் அதன் நோக்கமாயிருந்தது.

இதனிடையே வேறொரு வழியில் மாதிரிக் கார் வளர்ந்தது. 1948-இல் டெட்ராய்ட் வட்டாரத்தில் தோன்றிய ஏ.எம்.டி. என்னும் கம்பெனி, முதலில் அலுமினியத்திலும் பின்னர் பிளாஸ்டிக்கிலும் இருபத்தைந்தில் ஒரு பங்குக் கார்களைச் செய்தது. கார் விற்பனையாளர் இவற்றை வாங்கி, தம் கடைக்கு வருவோரின் குழந்தைகளுக்குக் கொடுப்பர்; உண்மைக் காரின் வண்ணங்களிலேயே இவை கிடைக்கும். தந்தை பெரிய காரைப் பார்க்கையில் பிள்ளை சிறிய காரைப் பார்க்கும். வீட்டிற்குச் சென்றதும் எது வெல்லும் என்பதை வணிகர் அறிவர்! 1958-இல் அக்கம்பெனி அதே அச்சுக்களைக் கொண்டு, பிரித்த உறுப்புக்களைப் பெட்டியிலிட்டு விற்கத் தொடங்கியது. ஒரே பெட்டியிலிருந்து ஆலையில் வந்தபடியோ, தம் விருப்பப்படி மாற்றியோ, பந்தய வண்டியாகவோ மூன்று வகையில் அமைக்கலாம் என்பது அதன் கவர்ச்சி.

அப்பெட்டிகளுக்குப் பொற்காலம் தந்தவை 'மசில் கார்' என்று வழங்கும் புஜபலக் கார்கள். நடுத்தர உருவமுள்ள காரில் பெரிய காருக்குரிய எஞ்சினைப் பொருத்துவதே அவற்றின் இரகசியம். ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகம் நடுத்தரக் கார்களின் எஞ்சினுக்கு 330 கன அங்குலம் என்று வரம்பு கட்டியிருந்தது. அதன் பான்டியாக் பிரிவில் ஜான் டிலோரியன் தலைமையில் இருந்த பொறியாளர்கள், 389 கன அங்குல எஞ்சினை வாங்குவோர் விருப்பத்தின்பேரில் பெறும் உறுப்பாக வைத்து, 1964-ஆம் ஆண்டு மாதிரியாக ஜி.டி.ஓ. காரை வெளியிட்டனர். விதியின் சொல்லைக் காத்து அதன் பொருளைக் கடந்த சாமர்த்தியம் அது. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் ஃபோர்டு மஸ்டாங் அறிமுகமாயிற்று. முதல் ஆண்டில் நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது. நுணுக்கமாய்ப் பிரிப்போர் அதனைப் 'போனி கார்' என்று தனி இனமாக வைப்பர். ஆயினும் எளியவரும் வாங்கக்கூடிய வேகம் என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது.

அந்த ஆரவாரம் நீடிக்கவில்லை. காப்பீட்டுக் கட்டணம் ஏறிற்று. 1970-ஆம் ஆண்டின் காற்றுத் தூய்மைச் சட்டம் புகைக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தவே, பெட்ரோலை விழுங்கும் எஞ்சின்களின் காலம் முடிந்தது. பெரிய கார்கள் பல துருவேறி இரும்புக் கடைக்குச் சென்றன. சிறிய கார்களோ அலமாரிகளில் தங்கின. மாமல்லபுரத்து இரதங்களைச் செதுக்கிய ஏழாம் நூற்றாண்டில் நின்ற மரக் கட்டிடங்கள் இன்று இல்லை. அவற்றின் கூரையும் உத்தரமும் எவ்வாறு இருந்தன என்பதை அந்தக் கற்கோயில்கள் நமக்குக் கூறுகின்றன. மூலம் அழிந்தபின் மாதிரி சாட்சியாக நிற்பது இரு நாட்டிலும் ஒன்றே.

ஒரு மஸ்டாங் பெட்டியைத் திறந்து அமைக்கும் முறையைச் சிறிது கூறுவேன். பாலிஸ்டைரின் என்னும் பிளாஸ்டிக்கில் வார்த்த உறுப்புக்கள், காம்பில் காய்கள்போல, ஒரு சட்டத்தில் ஒட்டியிருக்கும். அவற்றை முறித்தல் ஆகாது. நறுக்கியெடுத்து, காம்பின் வடுவை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்க்கவேண்டும். இதற்குரிய பசை, சாதாரணப் பசைபோல் இடையில் நின்று பிடிப்பதன்று. இரு விளிம்புகளையும் சிறிது கரைத்து ஒன்றாக்கிவிடுவது. எனவே ஒட்டுமுன் பொருத்திப் பார்த்தல் முதல் விதி. வெள்ளிப் பூச்சுள்ள உறுப்பில், ஒட்டுமிடத்துப் பூச்சைச் சுரண்டாவிடில் பசை பிடியாது. முதலில் எஞ்சின், பின்பு அடிச்சட்டமும் அச்சும் சக்கரமும், அதன்பின் இருக்கைகள், இறுதியில் மேற்கூடு என்பது வரிசை. மேற்கூட்டுக்கு வண்ணத்தை ஒரே தடவையில் கனமாகப் பூசாமல், மெல்லிய பூச்சுக்களாக, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் இடவேண்டும். முடிவில் கையில் இருப்பது ஏறத்தாழ பதினெட்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள கார். பொறுமையற்றவன் கைரேகை அதன் கூரைமீது நிலைத்துவிடும்!

இந்தப் பெட்டியை நினைக்கும்போது நம் நாட்டு வரலாறு நினைவுக்கு வருகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் ஆலை திறந்தது. ஃபோர்டு கம்பெனியும் அக்காலத்தில் பம்பாய், சென்னை, கல்கத்தா ஆகிய துறைமுக நகரங்களில் தொழில் நடத்திற்று. அங்கே கார்கள் பிறக்கவில்லை. பிரித்த உறுப்புக்களாகப் பெட்டிகளில் கப்பலேறி வந்த கார்கள், இங்கே கூட்டப்பெற்றன. முழு அளவிலான 'கிட்' என்றே அவற்றைக் கூறலாம். 1953-இல் டாரிப் கமிஷன் செய்த பரிந்துரையை ஏற்று, உறுப்புக்களை இந்தியாவிலேயே செய்யும் திட்டம் இல்லாதவர்க்கு இடமில்லை என்று அரசாங்கம் முடிவு செய்தது. 1954-இல் அவ்விரு அமெரிக்கக் கம்பெனிகளும் தொழிலை முடித்துக்கொண்டன. உத்தரபாராவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு ஆகியவை மேற்கொண்ட பாதை கடினமானது. அயல்நாட்டு வடிவத்தை வாங்கி, ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உள்நாட்டு உறுப்புக்களைப் புகுத்தினர். 2014 வரை வெளிவந்த அம்பாசடர் அவ்வாறு வளர்ந்ததே.

அரசாங்க ஆவணங்களை மொழிபெயர்க்கும் எம்மனோர்க்கு, 'கூட்டுதல்' 'உற்பத்தி செய்தல்' என்னும் இரு சொற்களையும் ஒன்றோடொன்று மயக்காமல் எழுதுதல் அன்றாடக் கவலை. அவ்விரு சொற்களுக்கும் இடையே ஒரு நாட்டின் முப்பது ஆண்டு உழைப்பு கிடக்கிறது.

சிறிய கார்களிலும் இக்கதையே நிகழ்ந்தது. 1960-களின் இறுதியில் இங்கிலாந்தின் டிங்கி கார்களுக்குரிய அச்சுக்கள் கல்கத்தாவுக்கு வந்து, நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் உலோகச் சிறுகார்கள் வார்க்கப்பட்டன. அடித்தகட்டில் பழைய பெயரை அழித்து நிக்கி என்று பொறித்தவை அவற்றுட் பல. உழைப்பு நம்முடையது, அச்சு பிறருடையது. தடாவுக்கு அருகிலுள்ள ஆலையின் முன்கதையும் இதனை ஒட்டியதே. இசுசு வண்டிகள் முதலில் திருவள்ளூருக்கு அருகே வேறோர் ஆலையிற் கூட்டப்பெற்று, அதன்பின்னரே ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலைக்கு வந்தன.

ஆகவே கூட்டுதலை இழிவாக எண்ணல் வேண்டா. பிறர் வகுத்த உறுப்புக்களை ஒழுங்காகப் பொருத்தத் தெரியாதவன் தானாக ஒன்றை வகுக்கப்போவதில்லை. ஆயினும் அதிலேயே நின்றுவிடுதலும் தகாது. சாரட்டைப் பார்த்துச் செய்த சிறுவர்களுக்கு, அடுத்த படியாகத் தம் கற்பனைக் காரைச் செய்யும் வாய்ப்பைப் பிஷர் போட்டி தந்ததன் நுட்பம் இதுவே.

வெளிமாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகளுள் தேரோட்டத்தை நேரிற் கண்டவர் குறைவு. அலங்காரத்துடன் 96 அடி உயரம் என்று கூறப்படும் திருவாரூர்த் தேரை ஐம்பதில் ஒரு பங்காகக் குறைத்தால் இருபத்துமூன்று அங்குலமே வரும். ஒரு மேசைக்கு அது மிகையன்று. அதற்குக் கடையில் பெட்டி இல்லை. நிழற்படங்களைக் கொண்டு அளவு கணிக்கவேண்டும். மெல்லிய பலகையை அறுக்கவேண்டும். சக்கரம் முதல் கலசம் வரை ஒவ்வோர் உறுப்பையும் தாமே செய்யவேண்டும். மஸ்டாங்கின் எஞ்சினைப் பொருத்திப் பழகிய விரல்கள் அதற்கு ஆயத்தமாகவே இருக்கும்.