சீமைக்கருவேலமும் முள் அரைக்கும் எந்திரமும்: பழுது, பராமரிப்பு, துவாக்குடிப் பட்டறைகள்

நிற்கும் புதரையும் மரத்தையும் அதே இடத்தில் அரைத்துச் சிராய்களாகத் தரையில் பரப்பிவிடும் பொறியே காட்டுப்புதர் அரைவை எந்திரம். இதை ஆங்கிலப் பெயரை ஒட்டி ‘மல்ச்சர்’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் இதற்கு முதன்மையான இலக்கு சீமைக்கருவேலம். வேலிகாத்தான், வேலிக்கருவை, டெல்லி முள் என்று வட்டாரத்துக்கு ஒரு பெயர் கொண்ட இந்த மரத்தின் வரலாறு பலமுறை எழுதப்பட்டுள்ளது. அதை வெட்ட வந்த கருவிகளின் வரலாறு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. ஒவ்வொரு கருவியும் எவ்வளவு வேகமாக வெட்டியது என்பதைவிட, எத்தனை நாள் பழுதின்றி ஓடியது என்பதே நிலத்தின் கதியைத் தீர்மானித்தது.

விதை வந்த வழி

மெக்சிகோவும் கரீபியக் கரைகளும் தென் அமெரிக்காவின் வடபகுதியும் இம்மரத்தின் தாயகம். சென்னை மாகாண வனத்துறைக்குத் தலைமை வகித்த ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம், வறண்ட நிலங்களில் நட இதன் விதையைத் தருவிக்க வேண்டுமென்று 1876-ல் வருவாய்த் துறைக்கு எழுதினார். அடுத்த ஆண்டு கடப்பைப் பகுதியில் விதைத்தார்கள். காமராசர் கொண்டுவந்த மரம் என்று இன்றும் மேடைகளில் பேசப்படுகிறது. ஆனால் அவர் முதல்வராவதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே விதை மாகாணத்துக்குள் வந்துவிட்டது. 1950-களிலும் 60-களிலும் இராமநாதபுரம் போன்ற வறண்ட மாவட்டங்களில் விறகுக்காகவும் வேலிக்காகவும் பரப்பப்பட்டது என்பதே அந்தப் பேச்சில் உள்ள உண்மை.

அதன் பிறகு பரப்பும் வேலையை ஆடுமாடுகள் ஏற்றன. இனிப்பான நெற்றைத் தின்று, விதையைச் சாணத்தோடும் புழுக்கையோடும் ஏரி, கண்மாய், தரிசு எங்கும் போட்டன.

கோடரிக்காரரின் கணக்கு

முதல் கருவி கோடரியும் அரிவாளும். விறகுவெட்டிகளும் கரிமூட்டம் போடுவோரும் தரைக்குச் சற்று மேலே வெட்டி, கட்டையை விட்டுவிட்டுப் போனார்கள். இதை அலட்சியம் என்று சொல்ல முடியாது. தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் கூடும் கழுத்துப் பகுதியில் இம்மரத்துக்கு உறங்கும் மொட்டுகள் உண்டு. மேலே வெட்டினால் அவை விழித்துப் பல கிளைகளாகத் துளிர்க்கும். சில ஆண்டுகளில் மறுபடி வெட்டலாம். கரி சுடுபவருக்கு அது மகசூல், உழவருக்கு அது பகை. ஒரே கட்டையைப் பற்றிய இந்த இரண்டு கணக்குகளும் இன்றுவரை தீரவில்லை.

கனரக எந்திரங்கள்

நிலம் திருத்த இந்தியா பெரிய எந்திரங்களை நம்பத் தொடங்கியது விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில். போர் முடிந்து அமெரிக்கப் படைகள் விட்டுச்சென்ற டிராக்டர்களைக் கொண்டு மத்திய டிராக்டர் நிறுவனம் அமைந்தது. மத்திய இந்தியாவில் நாணல் வகையைச் சேர்ந்த ‘காஸ்’ புல் பிடித்திருந்த நிலங்களை ஆழ உழுது மீட்பது அதன் பணி. புதிய கனரக டிராக்டர்கள் வாங்க 1949-ல் உலக வங்கி 1 கோடி டாலர் கடன் தந்தது. 1955-ல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் டிராக்டர் பயிற்சி மையம் தொடங்கியது. வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் எந்திரம், பிறகு கடன், அதன் பின்னரே அதை ஓட்டவும் பேணவும் ஆட்களைப் பழக்கும் இடம். நம் ஊரில் எந்திரம் வாங்கும் வரிசை இன்னும் பெரிதாக மாறவில்லை.

1964-ல் தொடங்கிய பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் புல்டோசர்கள் வந்தன. பிறகு ‘பொக்லைன்’ வந்தது. இது பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் பெயர். நம் ஊரில் எந்த நிறுவனத்தின் அகழ்பொறியானாலும் பொக்லைன் என்றாகி, பின்னர் அந்த இடத்தை ஜேசிபி பிடித்துக்கொண்டது.

2015-ல் சீமைக்கருவேலத்தை அகற்றக் கோரி வைகோ சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2017-ன் தொடக்கத்தில் நீதிமன்றம் கடுமையாக உத்தரவிட, ஊர் ஊராக ஜேசிபிகள் இறங்கின. அதே ஆண்டு ஏப்ரலில், ஆய்வின்றி அகற்றுவதால் சூழல் கெடும் என்ற வாதத்தின் பேரில் இடைக்காலத் தடை வந்தது.

வேரோடு பிடுங்க ஜேசிபி ஏற்றது. ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குழி விழும், மேல்மண் புரளும், ஏரிக்கரையில் மரம் நின்றால் கரையே இளகும். பிடுங்கிய முள்ளை எரிக்கவோ ஏற்றிச் செல்லவோ வேண்டும். இந்தத் தொல்லைகளைத் தவிர்ப்பதாகச் சொல்லியே அரைவை எந்திரம் வருகிறது.

உருளைக்குள் நடப்பது

எந்திரத்தின் உயிர் அதன் உருளை. அதன் மேல் வரிசையாகப் பற்களோ ஊசலாடும் சுத்திகளோ பொருத்தியிருக்கும். டிராக்டரின் பின்தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும். பற்சக்கரப் பெட்டியும் பெல்ட்டும் அதைப் பெருக்கி உருளைக்குத் தரும். பெரிய எந்திரங்களில் ஹைட்ராலிக் மோட்டார் அந்த வேலையைச் செய்யும். காட்டு வேலைக்கான உருளைகள் பொதுவாக 1500 முதல் 2000 சுற்று வரை ஓடுகின்றன.

இந்த வேகத்தில் ஒரு பல் கழன்றால் என்ன ஆகும்? பல்லின் எடை 1 கிலோ, மையத்திலிருந்து தூரம் 25 செ.மீ., வேகம் 2000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். சமநிலை இழந்த உருளை ஏறத்தாழ 1,100 கிலோ எடைக்கு நிகரான விசையோடு பேரிங்கை இழுக்கும். அந்த இழுப்பு ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறிக்கொண்டே இருக்கும். ‘கொஞ்சம் அதிருது, சாயங்காலம் பார்க்கலாம்’ என்று ஓட்டினால் மாலைக்குள் பேரிங் போகும். அதைத் தாங்கும் சட்டத்தில் வெல்டிங் விரியும். அதனால்தான் ஒரு பல் தேய்ந்தால் எதிர்ப்பக்கத்துப் பல்லையும் சேர்த்து மாற்றுகிறார்கள்.

எந்திரம் ‘இழுக்கவில்லை’ என்ற புகாருக்கு உடனே எஞ்சினைச் சந்தேகிப்பது வழக்கம். முதலில் தரையில் கிடக்கும் சிராயைப் பார்க்க வேண்டும். கூரான பல் மரத்தைத் துண்டாக நறுக்கும்; மழுங்கிய பல் நாராகக் கிழிக்கும். சிராய் நார்நாராக இருந்தால் குறை பல்லில். ரப்பர் கருகும் வாடையும் கறுப்புத் துகளும் இருந்தால் பெல்ட் நழுவுகிறது. இரண்டும் இல்லையென்றால் எண்ணெயின் சூட்டைப் பார்க்கலாம். மழுங்கிய பல்லோடு ஓட்டுநர் கட்டையில் அழுத்தும்போது உருளை நின்றுபோகும். அழுத்தத் தணிப்பு வால்வு திறந்து எண்ணெய் வெறுமனே சுற்றும், சுற்றுவதால் சூடேறும். சூடேறிய எண்ணெய் நீர்த்து உள்ளுக்குள் கசிய, வலு இன்னும் குறையும். ஆக, பல்லில் தொடங்கிய குறை பம்ப் மாற்றும் செலவில் போய் முடியும்.

சீமைக்கருவேலத்துக்கே உரிய தொல்லைகளும் உண்டு. அதன் சிற்றிலைகள் மிகச் சிறியவை. காய்ந்து பறந்து ரேடியேட்டர் இதழ்களுக்குள் அடைத்துக்கொள்ளும். காற்றை உள்ளிருந்து வெளிநோக்கி அடித்தால்தான் அவை வெளிவரும். வெளியிலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போய் இறுகும். எஞ்சின் தட்டில் சேரும் தூளை அன்றாடம் கூட்டாவிட்டால், புகைப்போக்கியின் சூட்டில் தீப்பிடிக்கும். முள் சாதாரண டயரைத் துளைத்துவிடும். பழைய வேலிக்கம்பி புதருக்குள் கிடந்தால் உருளையின் அச்சில் சுற்றி, சீலை அறுத்து, கிரீஸை வெளியேற்றும். வேலைக்கு முன் புதருக்குள் நடந்து கல், கம்பி பார்ப்பது வீண் நேரம் அல்ல. பல் எற்றும் கல் நெடுந்தூரம் பாயும். அருகே ஆடு மேய்ப்பவர் இருந்தால் உயிருக்கே ஆபத்து.

துவாக்குடியில் இருப்பது

திருச்சி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் உள்ள துவாக்குடி தொழிற்பேட்டை, முள் அரைக்கும் எந்திரத்துக்காகப் பிறந்ததல்ல. 1960-களில் செக்கோஸ்லோவாக்கிய உதவியுடன் பக்கத்துத் திருவெறும்பூரில் எழுந்த பெல் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலையைச் சார்ந்து வளர்ந்தது அது. 1964-ல் துவாக்குடியில் மண்டலப் பொறியியல் கல்லூரி வந்தது. இன்று அது தேசியத் தொழில்நுட்பக் கழகம். 1975-ல் பெல் வளாகத்தில் வெல்டிங் ஆய்வு நிறுவனம் ஏற்பட்டது. தகட்டை வளைத்துப் பற்றவைக்கும் சிறு ஆலைகள் சூழ்ந்து பெருகின. கொதிகலன் ஆணைகள் குறைந்தபோது அவை வேலையின்றித் தவித்ததும் இந்த வட்டாரம் அறிந்ததே.

அரைவை எந்திரத்தின் தேவையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். தேய்ந்த சுத்தியின் மேல் கடின உலோகப் பூச்சை வெல்டிங்கில் ஏற்றுவது, உருளையைச் சமநிலைக்குக் கொண்டுவருவது, அச்சை லேத்தில் சரிசெய்வது ஆகியவைதாம் அந்தத் தேவை. நிலக்கரி அரைக்கும் உருளைகள் தேய்ந்தால் அனல்மின் நிலையங்களில் கையாளும் முறையும் இதுவே. வேறு துறையில் கற்ற கைத்திறன் இங்கே அப்படியே பொருந்துகிறது. பல் வாங்க வெளிநாட்டை எதிர்பார்த்து எந்திரத்தை ஒரு பருவம் முழுக்க நிறுத்திவைப்பதைவிட, இத்தகைய பட்டறைகளிடம் போவது நல்லது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

எனினும் சில நுணுக்கங்கள் வெல்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எதிரெதிர்ச் சுத்திகளைத் தராசில் வைத்து எடை ஒப்பிட்ட பிறகே பொருத்த வேண்டும். உருளையைக் கழற்றாமல் பற்றவைத்தால், எர்த் கிளாம்ப்பை உருளையிலேயே மாட்ட வேண்டும். சட்டத்தில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியே பாய்ந்து அதன் குண்டுகளைப் பொத்தலாக்கும். புதிய எந்திரமானால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். டங்ஸ்டன் கார்பைடு முனைகளை வெல்டிங் செய்யக் கூடாது. பித்தளைப் பற்றாசு, வெள்ளிப் பற்றாசு போன்றவற்றால்தான் ஒட்ட வேண்டும். பட்டறைகளில் இம்முனையை ‘விடியா’ என்பார்கள். ‘வைரம் போன்றது’ என்ற பொருளில் ஜெர்மனியின் குருப் நிறுவனம் 1920-களில் சூட்டிய வணிகப் பெயர் அது.

கட்டை என்ன ஆகிறது

எந்திரத்தை எவ்வளவு நன்றாகப் பேணினாலும் ஒரு வரம்பு உண்டு. அது தரைக்கு மேலேதான் அரைக்கிறது. உறங்கும் மொட்டுகள் தரைக்குக் கீழே இருக்கின்றன. மண்ணுக்குள் உருளையை இறக்கினால் பல் தேய்மானம் பலமடங்காகும். திருச்சி மாவட்டத்தின் சரளை நிலத்தில் அது ஒரே நாளில் தெரியும். எனவே அரைத்த நிலத்தில் அடுத்த மழைக்குத் துளிர் வரும். அந்தத் துளிர் முழங்கால் உயரத்தைத் தாண்டுவதற்குள் கழுத்துப் பகுதியைக் கடப்பாரையாலோ சிறு அகழ்பொறியாலோ தோண்டி எடுக்க வேண்டும். முள்ளில்லாத திறந்த வெளியில் இந்த இரண்டாம் வேலை எளிது. முதல் முறையே புதருக்குள் ஆள் நுழைய வேண்டியிருந்த காலத்தில் அது முடியாததாக இருந்தது.

மற்றொரு கேள்வி மரத்தின் விலை. 2022-ல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்கள் குறித்த கொள்கையை வெளியிட்டது. முதுமலையில் பரவிய மஞ்சள் கொன்றையை வெட்டித் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்குக் கூழுக்கு அனுப்பும் ஏற்பாடு நடக்கிறது. சீமைக்கருவேலமோ கரியாகவும் விறகாகவும் விலைபோகிறது. அதை நின்ற இடத்திலேயே சிராயாக்கினால் கண்மாய் ஏலத்தில் ஊராட்சிக்கு வரும் பணமும், மூட்டம் போடுபவரின் கூலியும் தரையில் பரவிவிடும். அதனால் பருத்த மரங்களைக் கரிக்காரர் முதலில் வெட்டி எடுத்துக்கொள்ள, கை பருமனுள்ள புதரையும் முள்ளையும் மட்டும் எந்திரத்துக்கு விடும் ஏற்பாடே இருவருக்கும் பொருந்துகிறது. பருத்த மரத்தில் மோதாத உருளையின் பற்களும் கூடுதல் நாள் உழைக்கின்றன.