விஸ்பீச் நகரின் செங்கல் மாளிகை



இங்கிலாந்தின் கிழக்கே, சதுப்பு நிலங்களைத் திருத்திக் கழனிகளாக்கிய சமவெளியிலே விஸ்பீச் என்னும் சிறு நகர் உள்ளது. நீன் ஆறு அதனூடே கடலை நோக்கிச் செல்கின்றது. ஆற்றின் வடகரையில், 1722ஆம் ஆண்டில் எழுந்த மாளிகையொன்று இன்றும் நிலைபெற்றிருக்கின்றது. அதன் பெயர் பெக்கோவர் இல்லம்.

அந்நாட்டில் கல்மலை அருகில் இல்லை, களிமண்ணோ தாராளம். ஆகவே செங்கல்லே அங்குக் கட்டடக் கலையின் உயிராயிற்று. மஞ்சள் நிறச் செங்கற்சுவரில், சாளரங்களைச் சுற்றிச் சிவந்த செங்கல்லாற் கரையிட்டனர். மேலுங்கீழும் ஏறியிறங்கும் அச்சாளரங்கள் அணிவகுத்த படைவீரர்போல் ஒழுங்காக நிற்கின்றன. சுவரின் அழகு அளவினாலும் ஒழுங்கினாலும் அமைந்தது. வேறு ஆடம்பரம் அதிற் குறைவு. உள்ளே புகுந்தாலோ, மரத்திலுஞ் சாந்திலும் கொடியுஞ் சுருளுமாகச் செதுக்கிய ரொக்கோக்கோ வேலைப்பாடு கண்ணைக் கவரும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வீடு பெக்கோவர் குடும்பத்தாருக்கு உரியதாயிற்று. எளிமையைப் போற்றும் குவேக்கர் சமயத்தவரான அவர்கள் இங்கு வங்கி நடத்தினர். அதனால் இது வங்கி இல்லம் எனப்பட்டது. பிறர் பணத்தைக் காப்பவனுக்கு அடக்கமான முகப்பே தக்க விளம்பரமன்றோ? 1896இல் அவ்வங்கி பார்க்ளேஸ் வங்கியோடு இணைந்தது.

இனி, எதிர்க்கரையை நோக்குவோம். அங்குள்ள இன்னொரு செங்கல் வீட்டில் 1838இல் ஒக்டேவியா ஹில் பிறந்தார். தானிய வணிகரும் வங்கித் தொழிலில் ஈடுபட்டவருமான அவர் தந்தை 1840இல் நொடித்துப்போகவே, குடும்பம் அவ்வீட்டை இழந்தது. அந்தப் பெண் வளர்ந்து, ஏழைகளுக்கு நல்ல குடியிருப்பு வேண்டுமென உழைத்தார். அழகிய இடங்களையும் பழைய கட்டடங்களையும் மக்களுக்கெனக் காக்கும் நாஷனல் ட்ரஸ்ட் என்னும் நிறுவனத்தை 1895இல் வேறிருவருடன் சேர்ந்து நிறுவினார்; 1912இல் மறைந்தார்.

1943இல், பெக்கோவர் மரபில் வந்த அலெக்சாந்திரினா அம்மையார் வடகரை மாளிகையை அந்நிறுவனத்துக்கே நன்கொடையாக அளித்தார். தென்கரையில் வீடிழந்த வணிகரின் மகள் வித்திட்ட நிறுவனம், வடகரைச் செல்வரின் வீட்டுக்குக் காவலாயிற்று. அன்று வாடிக்கையாளர் பணத்தோடு வந்த இல்லத்துள் இன்று எவரும் கட்டணஞ் செலுத்திச் செல்லலாம்.

செங்கல் சுவரை எழுப்பும். அதனைத் தலைமுறைகள் தாண்டி நிற்கச் செய்வது, பொதுவுடைமையாகக் கருதும் மனமேயாம்.