ஏரியில் வேட்டையாடும் உரிமை யாருக்கு?



அமெரிக்காவில் மினசோட்டாவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், இங்கே ஏரியைத் தூர்க்கக் கூடாது என்று முதல் ஆளாக வந்து நிற்பவர்கள் வாத்து சுடுகிறவர்கள். நம்ம ஊரில் பறவையைச் சுடவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனாலும் ஏரி சுருங்கிக்கொண்டே போகிறது. இது என்ன கணக்கு சார்?"

நல்ல கேள்வி. வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். முழுப் பாடவேளையும் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள், இதையும் படித்துவிடுவீர்கள்.

முதலில் நம் ஊர். மணிமங்கலம் என்றதும் வரலாற்றுப் பாடம் நினைவிருக்கும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த களங்களில் ஒன்று இது. பேரன் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று வரிசையாகச் சொல்கிறது. இராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர்களில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. இதெல்லாம் கேள்வித்தாளில் வரும். ஏரியைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஆனால் ஊர் இங்கே அமைந்ததற்குக் காரணமே தண்ணீர்தான். பேராறு எதுவும் ஓடாத பகுதி நம்முடையது. மழை நீரை மறித்துத் தேக்கி, நிரம்பியதும் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு அனுப்பி, இப்படி ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்த ஏரிகளை நம்பித்தான் இங்கே நெல் விளைந்தது. சென்னையில் அடையாறு என்று நீங்கள் பார்க்கிற ஆறு, மணிமங்கலத்தை ஒட்டிய மலைப்பட்டு ஏரியில் தொடங்குகிறது. ஏறத்தாழ 200 ஏரிகளின் உபரி நீர் சேர்ந்ததுதான் அந்த ஆறு.

இனி உரிமைக்கு வருவோம். சோழர் காலத்துக் கொடைச் சாசனங்களைப் படித்தால் ஒன்று தெரியும். ஒரு கிராமத்தைத் தானமாகக் கொடுக்கும்போது விளைநிலத்தை மட்டும் எழுத மாட்டார்கள். மரம், கிணறு, குளம் என்று அடுக்கி, உடும்பு ஓடுகிற, ஆமை தவழ்கிற இடங்களையும் சேர்த்தே எழுதுவார்கள். கரம்பும் சதுப்பும் ஏரியின் உள்வாயும் அன்றைக்கு வீண் நிலம் இல்லை. நம் பக்கத்து உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக 'ஏரி வாரியம்' இருந்ததையும், அதற்கு ஆளைக் குடவோலையில் தேர்ந்தெடுத்ததையும் சொல்கின்றன.

ஏரி என்றால் ஒரே உரிமை இல்லை, பல உரிமைகளின் கட்டு. மதகுத் தண்ணீர் ஆயக்கட்டு விவசாயிக்கு. மீன், குத்தகை எடுத்தவருக்கு. வண்டல், வயலுக்கு அடிப்பவருக்கு. களிமண், பானை வனைபவருக்கு. வற்றிய உள்வாயில் புல், மாடு வைத்திருப்பவருக்கு. எலி, நண்டு, நத்தை, உடும்பு எல்லாம் இருளர்களுக்கு. கொக்கும் உள்ளானும் காடையும் நரிக்குறவர்களுக்கு. கடைசி இரண்டையும் யாரும் பத்திரத்தில் எழுதவில்லை, வழக்கத்தில் இருந்தது. அதில் ஊருக்கும் ஆதாயம் இருந்தது. எலி வளையும் நண்டு வளையும் கரையைப் பலவீனமாக்கும். வளை தோண்டி எலி பிடித்த இருளர், கூலி வாங்காமலே கரைக்குக் காவல் பார்த்தார்.

இந்த உரிமை ஒரு முறை எழுத்தில் ஏறியது. அது நடந்த இடம் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல். தாங்கல் என்றால் சிறிய ஏரி, வேடன் என்றால் வேட்டையாடுபவன். பெயரே வேட்டைக்காரன் ஏரி.

மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மழையில் கரை உடையும் என்று பயந்த கலெக்டர், இரவில் வில்லோடு இருவர் கரையில் காவல் நிற்பதைக் கண்டார் என்ற கதை. அந்தக் கலெக்டர்தான் லயனல் பிளேஸ். கிழக்கிந்தியக் கம்பெனியின் செங்கல்பட்டு ஜாகீரை 1794 முதல் 1798 வரை நிர்வகித்தவர். வேடந்தாங்கலிலும் அவர்தான் வருகிறார்.

அந்த ஏரி நடுவில் உள்ள நீர்க்கடம்பு மரங்களில் நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், வக்கா, அரிவாள் மூக்கன் என்று ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டும். கம்பெனிச் சிப்பாய்கள் வந்து அவற்றைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். பறவை மேல் உள்ள இரக்கம் மட்டும் காரணம் இல்லை. எச்சம் விழுந்து உரமேறிய ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் விளைச்சல் கூடும் என்பது அவர்கள் அனுபவம். இன்றைய விஞ்ஞானம் அதையே தழைச்சத்து, மணிச்சத்து என்று சொல்கிறது. 1798-ல் பிளேஸ் அவர்களுக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். இந்த ஏரியில் யாரும் பறவையைச் சுடக் கூடாது, தடுக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்பது அதன் சாரம். 1858-ல் அதை மறுபடியும் புதுப்பித்து வாங்கினார்கள்.

இதைக் கவனியுங்கள். இந்தியாவில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு 174 ஆண்டுகளுக்கு முன்பே, துப்பாக்கி வைத்திருந்த ஆளும் வர்க்கத்தைப் பார்த்து "எங்கள் ஏரியில் சுடாதே" என்று சொல்லும் உரிமையை ஒரு சிறிய கிராமம் எழுத்தில் வாங்கியிருக்கிறது. அந்த ஊரில் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. சுமார் 30 ஹெக்டேர் அளவே உள்ள அந்த ஏரி இன்றும் ஏரியாகவே இருக்கிறது. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சரணாலய எல்லையை 5 கிலோமீட்டரிலிருந்து 3 கிலோமீட்டராகக் குறைக்க 2020-ல் முன்மொழிவு வந்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. உரிமை என்ற நினைப்பு இருந்தால்தான் எதிர்க்க வாய் வரும்.

இப்போது மினசோட்டா மாணவரின் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1930-களில் கடும் வறட்சி. அதற்கு முன்பே விவசாயத்துக்காகச் சதுப்பு நிலங்களை வடித்துக் காயவைத்திருந்தார்கள். வாத்துக் கூட்டம் சரிந்தது. 1934-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 16 வயதுக்கு மேற்பட்ட யார் வாத்து வேட்டைக்குப் போனாலும் ஆண்டுக்கு ஒரு முறை அரசு விற்கும் 'வாத்து முத்திரை' வாங்க வேண்டும். முதல் முத்திரையின் விலை 1 டாலர். படம் வரைந்தவர் டிங் டார்லிங் என்ற பத்திரிகைக் கார்ட்டூனிஸ்ட். அந்தப் பணத்தில் சதுப்பு நிலங்களை வாங்கிப் பாதுகாக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இதுவரை சுமார் 60 லட்சம் ஏக்கர் இப்படிக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. வேட்டைக்காரருக்கு அடுத்த ஆண்டும் வாத்து வேண்டும், வாத்துக்குச் சதுப்பு வேண்டும். ஆகவே அவர் காவல்காரர் ஆனார்.

ஒரு ஊர் சுடுவதைத் தடுத்தது, ஒரு நாடு சுடுபவரிடம் பணம் வாங்கியது. வழி எதிரெதிர், ஆனால் இரண்டிலும் நீர்நிலை பிழைத்ததற்குக் காரணம் ஒன்றே. அதன் மேல் சட்டம் ஒப்புக்கொண்ட உரிமை உள்ள மக்கள் இருந்தார்கள். ஏரி போனால் அவர்களுக்கு நேரடியாக நட்டம்.

நம்மிடம் அந்தச் சங்கிலி அறுந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதலில் உரிமம் வாங்கி வேட்டையாட இடம் இருந்தது. 1991 திருத்தத்தோடு அதுவும் போனது. சட்டம் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். துரைமாரும் ஜமீன்தார்களும் கணக்கில்லாமல் சுட்டுத் தீர்த்த நாட்டில் அது தேவைப்பட்டது. ஆனால் பொழுதுபோக்குக்குச் சுட்டவருக்கும் வயிற்றுக்காகப் பிடித்தவருக்கும் ஒரே கதவைச் சாத்தியது. துரை போலோ விளையாடப் போய்விடுவார். நரிக்குறவர் எங்கே போவார்? ஊசி மணி, பாசி மணி விற்கப் பேருந்து நிலையத்துக்கு வந்தார். அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இருளர்கள் கதையில் ஒரு வெளிச்சம் உண்டு. பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தவர்கள் அவர்கள். 1976-ல் தோல் ஏற்றுமதி தடையானதும் பிழைப்பு நின்றது. ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகர் போன்றவர்கள் துணை நிற்க, 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது, பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதியோடு பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, மீண்டும் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக் கடிக்கு மருந்து தயாராகிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. வேட்டை உரிமையைப் பிடுங்காமல் மாற்றிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்துக்கே காட்டக்கூடிய உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் பாம்புக்குக் கிடைத்த ஏற்பாடு ஏரிக்குக் கிடைக்கவில்லை.

இதே காலத்தில் நம் பகுதி மாறியது. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. உங்களில் பல பேருக்கு வேலை கொடுத்த தொழிற்சாலைகள். நான் அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. வயல் மனையானதும் ஆயக்கட்டு போனது. ஆயக்கட்டு போனதும் மதகைத் திறக்கச் சண்டை போட ஆள் இல்லை. வீட்டில் குழாய்த் தண்ணீரும் லாரித் தண்ணீரும் வந்ததும் ஏரி வெறும் காட்சி ஆனது. புறம்போக்கு என்ற சொல்லையே பாருங்கள். வரி வசூலுக்குப் புறம்பாக, எல்லோருக்கும் பொதுவாக ஒதுக்கிய நிலம் என்று பொருள். இன்றைக்கு அது வசைச் சொல். ஒரு சமூகம் தன் பொதுச் சொத்தை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இந்த ஒரு சொல் போதும்.

விலை என்ன என்று 2015 டிசம்பரில் பார்த்தோம். எல்லோரும் செம்பரம்பாக்கத்தைத் திறந்ததைப் பற்றிப் பேசினார்கள். செம்பரம்பாக்கம் நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே படகு விட வைத்த தண்ணீர் நம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர். அது போகவேண்டிய கால்வாயிலும் ஆற்றோரத்திலும் வீடுகள் நின்றன. அந்த வீடுகளை வாங்கியவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. வங்கிக் கடன் வாங்கி, வாழ்நாள் சம்பாத்தியத்தைப் போட்டவர்கள்.

நாட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போங்கள் என்று சொல்ல வரவில்லை. அது குற்றம், ஜாமீனுக்கு என்னைக் கூப்பிடாதீர்கள். வேடந்தாங்கல்காரர்கள் செய்ததைச் செய்யலாம் என்கிறேன். உரிமையை எழுத்தில் கேட்டு வாங்குவது.

உங்கள் ஊர் ஏரியின் சர்வே எண், பரப்பு, வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய் எல்லாம் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டிலும் கிராம வரைபடத்திலும் இருக்கும். ஒரு முறை போய்ப் பாருங்கள். ஏரிகளை அளந்து, எல்லை குறித்து, ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. ஊராட்சியாக இருந்தால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை கூடும். அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். "எங்கள் ஏரியின் எல்லைக் கல் எங்கே?" என்று ஒரே ஒரு கேள்வியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறினால் அதுதான் உங்கள் கவுல். கரையோரம் குடியிருக்கும் இருளர் வீட்டுப் பெரியவரையும் கூடவே அழைத்துப் போங்கள். எந்த மழைக்கு எந்த வாய்க்காலில் தண்ணீர் வரும் என்பது வரைபடத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மீன் பிடிக்கவோ மரம் வளர்க்கவோ கரையைப் பார்த்துக்கொள்ளவோ அவருக்கு ஒரு உரிமை எழுத்தில் கிடைத்தால், ஏரிக்குச் சம்பளமில்லாத காவல்காரர் மறுபடியும் கிடைப்பார்.

மினசோட்டா மாணவருக்கு என் பதில் இதுதான் தம்பி. அங்கே ஏரியைக் காப்பது துப்பாக்கி இல்லை, அந்த முத்திரை. "இது எனக்கும் சேர்த்து உள்ள சொத்து" என்று எழுதிய ரசீது அது. இங்கே அந்த ரசீதை 1798-ல் வேடந்தாங்கல் வாங்கிவிட்டது. நம் ஊர் இன்னும் கேட்கவில்லை.

உங்கள் ஊர் ஏரியின் பெயரையும், அது இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் கீழே எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள். அடுத்த பதிவில் உத்திரமேரூர் ஏரி வாரியத்தைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்