சிப்பி மேட்டுத் தீவும் தட்டம்மையும்

நேற்று நைட் டூட்டி. மூணு மணிக்கு மேல் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சது. "வார்டு அமைதியா இருக்கு"ன்னு வாய் விட்டுச் சொல்லக் கூடாது, சொன்ன அடுத்த நிமிஷம் ஆம்புலன்ஸ் வந்துடும். அதனால் சத்தம் போடாமல் போனை எடுத்து ஒரு டிராவல் வீடியோ பார்த்தேன். அர்ஜென்டினாவின் தென்கோடியில் உஷுவாயா என்ற ஊர். "உலகத்தின் கடைசி ஊர்" என்று போர்டே வெச்சிருக்காங்க. அங்கிருந்து பீகிள் கால்வாயில் ஒரு அரைநாள் படகுப் பயணம்.

அந்தப் படகு நடுவில் ஒரு தீவில் நிற்கும். அந்தத் தீவில் நின்ற இருபது நிமிஷம் பற்றித்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்துடுங்க.

நான் அங்கே போனதில்லை, முதலிலேயே சொல்லிடறேன். பாஸ்போர்ட்டே ரினியூ பண்ணாமல் கிடக்கு. ஆனால் அந்த ஊர் பற்றி வருஷக்கணக்கா படிச்சிட்டிருக்கேன். காரணம் பின்னால் வரும்.

சரி, நீங்க படகில் ஏறிட்டீங்க. முதலில் பறவைத் தீவு. கருப்பு வெள்ளையில் ஆயிரக்கணக்கான பறவைகள் நிற்கும். எல்லாரும் "பெங்குவின்!"னு கத்துவாங்க. பெங்குவின் இல்லை, அது ஒரு வகை நீர்க்காகம். பறந்து காட்டின பிறகுதான் நம்புவாங்க. அடுத்து கடல் சிங்கங்கள் படுத்திருக்கும் பாறை. நாற்றம் வீடியோவில் வராது, படகில் வரும். அப்புறம் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட லே எக்லேரர் கலங்கரை விளக்கம். 1920-ல் ஏற்றியது. "ஜூல் வெர்ன் நாவலில் வரும் விளக்கம் இதுதான்"னு யாராவது சொன்னால் நம்பாதீங்க. அது கிழக்கே வெகு தூரத்தில், எஸ்டாடோஸ் தீவில் 1884-ல் ஏற்றிய வேறொரு விளக்கம். இந்த 1884-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

பிறகு பிரிட்ஜஸ் தீவுகளில் ஒன்றில் இறக்கி விடுவாங்க. குட்டித் தீவு, மரம் அதிகம் இல்லை, காற்று ஆளைத் தள்ளும். நடந்து போகும் வழியில் புல் மூடிய வட்ட வட்டமான மேடுகள், நடுவில் பள்ளம். உள்ளே முழுக்க சிப்பி ஓடுகள். வழிகாட்டி சொல்வார்: "இங்கே யாமானா மக்கள் வாழ்ந்தாங்க. குடிசையைச் சுற்றி அவங்க சாப்பிட்டுப் போட்ட சிப்பிகள்தான் இது." அப்புறம் எல்லாரும் செல்ஃபி எடுத்துட்டுப் படகுக்குத் திரும்பிடுவாங்க.

"வாழ்ந்தாங்க" என்பதோடு வீடியோ முடிஞ்சது. நான் அங்கிருந்து தொடர்கிறேன்.

யாமானா, அல்லது யாகான். இந்தக் கால்வாய்க் கரையில் சுமார் 6,000 வருஷமாக மனிதர்கள் படகும் ஈட்டியுமாக வாழ்ந்ததற்குத் தொல்லியல் சான்று இருக்கு. மரப்பட்டையில் தைத்த படகு. படகின் நடுவில் மண் போட்டு அதன் மேல் அணையாத நெருப்பு. 1520-ல் மெகல்லன் இந்தப் பக்கம் வந்தபோது கரையில் தெரிந்த நெருப்பும் புகையும்தான் "நெருப்பு நிலம்", அதாவது தியெர்ரா டெல் ஃபுவேகோ என்ற பெயருக்குக் காரணம் என்பார்கள்.

துடுப்பு போடுவது பெண்கள். நீச்சல் தெரிந்ததும் பெண்களுக்குத்தான். கோடையிலும் பத்து டிகிரியை ஒட்டியே இருக்கும் தண்ணீரில் குதித்துச் சிப்பி எடுப்பாங்க. நம்மை அதில் இறக்கினால் கை விரல் மரத்துப்போக சில நிமிஷம் போதும். உடம்பில் துணி என்று பெரிசாக எதுவும் இல்லை, கடல் சிங்கக் கொழுப்பைப் பூசிக்குவாங்க. சாப்பாட்டிலும் அதே கொழுப்பு. அந்தக் குளிருக்கு எரிபொருள் அதுதான். ஐரோப்பிய, அமெரிக்க வேட்டைக் கப்பல்கள் தோலுக்காகவும் எண்ணெய்க்காகவும் அந்த விலங்குகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றபோது, யாகான்களின் உணவுக்கூடையில் ஓட்டை விழுந்தது. பின்னால் நடந்ததைப் படிக்கும்போது இதை மறக்காதீங்க. வைரஸ் வந்து தொட்டது ஏற்கெனவே இளைத்த உடம்புகளை.

1830. பீகிள் கப்பலின் கேப்டன் ஃபிட்ஸ்ராய். அவருடைய படகு ஒன்று திருடு போனது. அந்தக் கோபத்தில் ஆரம்பித்து, கடைசியில் நான்கு பேரை இங்கிலாந்துக்குக் கூட்டிப் போய் "நாகரிகம்" கற்றுத் தருவது என்று முடிவாச்சு. அதில் ஒரு சிறுமி, வயது ஒன்பது போல. ஒரு யாகான் பையன், நிஜப் பெயர் ஒருந்தெல்லிக்கோ. அவனுக்கு ஈடாக ஒரு சிப்பிப் பொத்தான் கொடுத்தாங்களாம், அதனால் கப்பலில் வைத்த பெயர் ஜெமி பட்டன். மற்ற இருவரில் ஒரு இளைஞனுக்கு "போட் மெமரி" என்று பெயர். திருட்டுப் போன படகின் ஞாபகமாக! ஒரு மனிதனுக்கு வைக்கிற பெயரா இது?

நால்வருக்கும் அம்மை குத்தினார்கள். இருந்தும் போட் மெமரிக்குப் பெரியம்மை வந்தது. 1830 நவம்பரில் பிளிமத் கடற்படை ஆஸ்பத்திரியில் இறந்தான். அவனுடைய நிஜப் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

மற்ற மூவரையும் திரும்பக் கொண்டுவிட்ட பயணத்தில்தான் சார்லஸ் டார்வின் வந்தார். எடின்பரோவில் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, மயக்க மருந்து இல்லாத காலத்து ஆபரேஷன் ஒன்றைப் பார்த்து ஓடி வந்தவர். (ஃபர்ஸ்ட் இயரில் மயங்கி விழுந்த நண்பர்களே, தைரியமா இருங்க.) அவ்வளவு கூர்மையான கண், ஆனால் இந்த மக்கள் விஷயத்தில் அது மங்கிப்போச்சு. அவங்க பேச்சை மொழி என்றே சொல்ல முடியாது என்கிற மாதிரி எழுதிவிட்டார்.

அந்த "மொழி இல்லாத" மக்களுக்கு அகராதி எழுதியவர் தாமஸ் பிரிட்ஜஸ். 1871-ல் குடும்பத்தோடு உஷுவாயாவில் குடியேறிய மிஷனரி. நீங்க இறங்கின தீவுக்கு அவர் பெயர்தான். 32,000 சொற்கள் சேர்த்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி பட்ட பாடு தனிக் கதை. பெல்ஜிகா என்ற கப்பலில் வந்த ஃபிரெடரிக் குக் அதைத் தன் பெயரில் அச்சிடப் பார்த்தார் என்று குற்றச்சாட்டு. அவர் என்ன தொழில் தெரியுமா? டாக்டர். என்னத்தைச் சொல்ல! கடைசியில் 1933-ல்தான் அச்சானது, பிரிட்ஜஸ் பெயரில்.

இப்போ 1884. எஸ்டாடோஸ் தீவில் விளக்கம் ஏற்றிய அதே அர்ஜென்டினக் கடற்படைக் குழு செப்டம்பர் கடைசியில் உஷுவாயா வந்தது. அக்டோபர் 12-ல் கொடி ஏற்றினாங்க. இன்றும் அதுதான் ஊரின் பிறந்தநாள். கப்பல்கள் வந்த கையோடு தட்டம்மையும் வந்தது.

எங்க ஊர்ப்பக்கம் மணல்வாரி என்போம். நாங்க தேர்வில் ஐந்து மார்க்குக்கு எழுதுகிற வியாதி. காய்ச்சல், இருமல், கண் சிவப்பு, வாய்க்குள் கோப்ளிக் புள்ளிகள், அப்புறம் தடிப்பு. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் கிருமி இருக்கும். எதிர்ப்பு சக்தி இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும்.

அந்தப் பகுதியில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் குறுகிய காலத்தில் இறந்துபோனாங்க. 1860-களில் யாகான்கள் சுமார் 3,000 பேர் என்று ஒரு மதிப்பீடு. 1884-ல் பிரிட்ஜஸ் எடுத்த கணக்கில் சுமார் 1,000. 1886-ல் 400-க்கும் கீழே. இதில் காசநோய்க்கும் பெரிய பங்கு உண்டு, அது முன்பே உள்ளே நுழைந்திருந்தது. தட்டம்மை வந்தால் உடம்பின் பழைய எதிர்ப்பு ஞாபகமும் அழியும். அதனால் தடிப்பு ஆறினவர்களும் அடுத்த மாதங்களில் வேறு நோய்களுக்கு இரையாவாங்க.

இங்கே ஒரு தப்பான எண்ணத்தைச் சரி செய்யணும். "அவங்க பலவீனமான இனம், அதான் செத்தாங்க" என்று அந்தக் காலத்தில் எழுதினாங்க, இப்பவும் சிலர் சொல்றாங்க. அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஃபாரோ தீவுகளைப் பாருங்க. 1846-ல் அங்கே தட்டம்மை வந்து சுமார் 7,800 பேரில் 6,000 பேருக்கு மேல் படுத்தாங்க. பனும் என்ற இளம் டேனிஷ் டாக்டர் போய்ப் பதிவு செய்தார். 1781-ல் ஒருமுறை தட்டம்மை வந்து பிழைத்த கிழவர்களுக்கு மட்டும் இந்த முறை வரவில்லை! வெள்ளைக்காரத் தீவுதான், அங்கேயும் ஊரே படுத்தது. ஆனால் வீடு இருந்தது, சேமித்த உணவு இருந்தது, எழுந்து நடமாடும் கிழவர்கள் சிலர் இருந்தாங்க.

யாகான் குடிசையில் அப்படி யாரும் இல்லை. குழந்தை, அம்மா, பாட்டி எல்லாரும் ஒரே வாரத்தில் படுத்தாச்சு. சிப்பி எடுக்க ஆள் இல்லை, தண்ணீர் கொண்டுவர ஆள் இல்லை, 54 டிகிரி தெற்கில் நெருப்பு அணைந்தால் மூட்டவும் ஆள் இல்லை.

நான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது ஒரு பாட்டியால். 2017 பிப்ரவரி, தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம். வாட்ஸ்அப் வதந்தி உச்சத்தில் இருந்த நேரம். ஒரு பள்ளிக்கூடத் திண்ணையில் பேரனைக் கையில் பிடிச்சுக்கிட்டு அந்தப் பாட்டி சொன்னாங்க: "எனக்கு வந்துச்சு, என் பிள்ளைகளுக்கு வந்துச்சு. தானா போயிருச்சு தம்பி. இதுக்கு எதுக்கு ஊசி?" அப்போ எனக்கு இருந்த பதில், புள்ளிவிவரம். அவங்க கேட்டுட்டு, பேரனைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

இப்போ கேட்டால் வேற மாதிரி பேசுவேன். "பாட்டி, தானா போகல. நீங்க படுத்திருந்தப்போ வேப்பிலை கட்டி, இளநீர் கொடுத்து, கஞ்சி ஊத்தி, ராத்திரி முழிச்சு யாரோ ஒருத்தர் பக்கத்தில் இருந்தாங்க இல்லையா? அவங்களுக்குச் சின்ன வயசிலேயே அம்மை வந்து போயிருக்கும். அதான் அவங்க படுக்கல." அதோடு, அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தானா போகவும் இல்லை. போகாத பிள்ளைகளின் கதையைப் பாட்டிகள் சீக்கிரம் சொல்ல மாட்டாங்க. பேரனுக்கு ஊசி போட்டாங்களான்னு எனக்குத் தெரியாது.

யாகான்கள் அழிஞ்சு போயிட்டாங்கன்னு நினைச்சுடாதீங்க, பல பயணப் புத்தகங்கள் அப்படித்தான் எழுதும். கால்வாயின் எதிர்க்கரையில், சிலியின் நவரினோ தீவில் இன்றும் இருக்காங்க. 2017 சிலி கணக்கெடுப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்களை யாகான் என்று பதிவு செய்திருக்காங்க. மொழி மட்டும் ஒருவரிடம் வந்து நின்றது. கிறிஸ்டினா கால்டெரோன். 1928-ல் பிறந்தவர், யாகானைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனுஷி. மச்சினி எமெலிண்டா 2005-ல் இறந்த பிறகு, அந்த மொழியில் சரிக்குச் சரி பேச ஆள் இல்லாமல் பதினாறு வருஷத்துக்கு மேல் இருந்தார். பேத்தியோடு உட்கார்ந்து தங்கள் மக்களின் கதைகளைப் புத்தகமாக்கினார். கூடை பின்னி விற்றார்.

2022 பிப்ரவரி 16-ல், 93 வயதில் இறந்தார். கோவிட். செய்தியை ட்விட்டரில் சொன்னது அவருடைய மகள் லிடியா கோன்சாலஸ். அப்போது அவர் சிலியின் புதிய அரசியல் சாசனம் எழுதும் அவையில் யாகான் மக்களின் பிரதிநிதி.

உங்க யாருக்காவது அந்தப் படகில் ஏறும் வாய்ப்பு கிடைச்சால், தீவில் இறங்கினதும் மேடுகளின் நடுப் பள்ளத்தைப் பாருங்க. குடிசை இருந்த இடம், நெருப்பு எரிந்த இடம் அதுதான். மேலே ஏறி நிற்காதீங்க, ஓடு நொறுங்கும்.

கேள்வி இருந்தால் கீழே கேளுங்க. இப்போ வீட்டுக்குப் போய்த் தூங்கணும், மதியம் எழுந்து பதில் சொல்றேன்.