தரையும் பெஞ்சும்: மட்டாஞ்சேரியில் ஒரு சத்தியாகிரகம்

சமூக சீர்திருத்தம் என்றதும் கேரளத்தில் வாழும் நம்மவர்களுக்கு வைக்கம்தான் நினைவுக்கு வரும். 1924-ல் ஈரோட்டிலிருந்து பெரியார் வந்து சிறை சென்ற ஊரல்லவா! ஆனால் நாம் அரிசிக்கும் மிளகாய்க்கும் போய்வருகிற மட்டாஞ்சேரியிலேயே, ஒரு சின்னத் தெருவுக்குள், இன்னொரு சத்தியாகிரகம் நடந்திருக்கிறது. பல வருஷம் இங்கே இருந்தும் எனக்கு அது தெரியாது. யூதத் தெருவில் 'ஏ.பி. சேலம் ரோடு' என்ற பெயரைப் பார்த்துவிட்டு, யாரோ நம்ம சேலத்துக்காரர் என்றே நினைத்திருந்தேன்.

சேலம் அங்கே ஊர்ப்பெயர் அல்ல, ஆளின் பெயர். ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) என்ற யூத வக்கீல். அந்தத் தெருக்கோடியில் 1568-ல் கட்டிய தொழுகைக்கூடத்துக்குப் 'பரதேசிப் பள்ளி' என்று பெயர். தமிழில் பரதேசி என்றால் வசவு. இங்கே அது ஸ்பெயின் முதலான வெளிநாடுகளிலிருந்து வந்த வெள்ளை யூதர்களைக் குறிக்கும் கௌரவமான சொல். அவர்களோடு சேர்ந்து வாழ்ந்தவர்கள் 'மெஷுஹ்ராரீம்', அதாவது விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் எனப்பட்டவர்கள். மதம் ஒன்று, வேதம் ஒன்று, பண்டிகை ஒன்று. ஆனால் பள்ளிக்குள் இவர்களுக்கு இடம் வெளி மண்டபத்திலோ தரையிலோதான். மற்றவர்களுக்குச் சமமாக வேதச் சுருளை வாசிக்க உரிமை கிடையாது. பெண் கொடுப்பதோ எடுப்பதோ பேச்சே இல்லை.

இதை அவர்கள் மதம் சொல்லிற்றா என்று பார்த்தால், அதுதான் இல்லை. கொச்சி யூதர்களுக்குள் இருந்த இந்தப் பிரிவினை பற்றி 1520 வாக்கிலேயே கெய்ரோவுக்குக் கேள்வி போயிருக்கிறது. அங்கிருந்த பெரிய மதகுரு டேவிட் இப்னு சிம்ரா, முறைப்படி முழுக்குச் சடங்கு நடந்துவிட்டால் அவர்களும் சபையினரே, மணவுறவும் கொள்ளலாம் என்று தீர்ப்பெழுதினார். தீர்ப்பு வந்து நானூறு ஆண்டுகளாகியும் வழக்கம் நகரவில்லை. நூல் ஒன்று சொல்ல, ஊர் வேறொன்று செய்தது. அக்கம்பக்கத்தில் சாதி எப்படியோ, அப்படியே இவர்களும் பழகிவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

சேலம் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் படித்தவர். சென்னையில் சட்டம் முடித்து, கொச்சி யூதரில் முதல் வக்கீலாகி, எர்ணாகுளம் கோர்ட்டில் தொழில் நடத்தினார். எர்ணாகுளத்தில் அவர் ஏறி நின்று பேசும் மேட்டுக்கு 'சேலம் குன்று' என்றே பெயர் வந்துவிட்டது. அந்தக் காலத்துக் கொச்சி எப்படி இருந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1913-ல், புலையர்களுக்குத் தரையில் கூட்டம் போட வழியில்லை என்றதும், எர்ணாகுளம் காயலில் வள்ளங்களை ஒன்றோடொன்று கட்டி, அதன்மேல் கூடினார்கள். முன்னின்று நடத்தியவர் மீனவர் குலத்தில் பிறந்த பண்டிட் கருப்பன். தடை தரைக்குத்தானே, தண்ணீருக்கு இல்லையே! 1925-ல் கொச்சியில் சட்டசபை வந்தபோது அந்தக் கருப்பனும் உறுப்பினர், யூதர் பிரதிநிதியாகச் சேலமும் உறுப்பினர். ராஜாவின் சபையில் நாற்காலி கிடைத்தவருக்குத் தன் தெருப் பள்ளியில் பெஞ்சு கிடைக்கவில்லை.

சேலம் மதம் மாறியிருக்கலாம். காங்கிரஸ், பொதுவாழ்வு என்று இருந்துவிட்டிருக்கலாம். 1929 லாகூர் காங்கிரசுக்கும் போய்வந்தவர்தான். அவர் செய்தது வேறு. சில காலம் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். பிறகு திரும்பி வந்து, அங்கேயே சத்தியாகிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று பெயர் வந்தது அதனால்தான். வேதத்தை விட்டுக்கொடுக்காமல் வழக்கத்தை மட்டும் எதிர்ப்பது லேசான காரியமல்ல. இரண்டு பக்கமும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். 1930-களின் நடுவில் அமெரிக்க மானிடவியலாளர் மாண்டல்பாம் வந்து பார்த்தபோது பழைய தடைகள் பலவும் விழுந்திருந்தன. கொச்சி ராஜ்யத்துக் கோயில்கள் எல்லாருக்கும் திறந்ததோ 1940-களின் கடைசியில். 1936-லேயே திறந்துவிட்ட திருவிதாங்கூருக்குப் பத்து வருஷத்துக்கு மேல் பின்னால்.

பெஞ்சு கிடைத்தது. சம்பந்தம்? 1950-ல் அவருடைய மகன் ஒரு வெள்ளை யூதக் குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணம் நடந்தது கொச்சியில் அல்ல, பம்பாயில்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லை ஞாபகம் வந்தது. துணி வெளுக்க வருகிறவருக்கென்று அங்கே ஒரு அலுமினிய டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். அப்பா மேடையில் சமத்துவம் நன்றாகவே பேசுவார். அந்த டம்ளரைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. ஊர்விட்டு ஊர் வந்து, மலையாளிகளிடம் சமமாக நடத்தச் சொல்லிக் கேட்கிற நம் வீடுகளில் இன்றைக்கும் வரன் படிவத்தில் முதலில் பார்ப்பது எதை என்று சொல்ல வேண்டியதில்லை.

1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போனார்கள். அனுப்பிவைக்க அலைந்தவர்களில் சேலமும் ஒருவர்; அவர் மட்டும் போகவில்லை. இப்போது அந்தப் பள்ளியில் தொழுகைக்கு வேண்டிய பத்து ஆண்கள் உள்ளூரில் தேறமாட்டார்கள். 1762-ல் சீனாவிலிருந்து வந்த நீலப்பூ ஓடுகள் பதித்த தரையைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு எல்லாரும் குனிந்து தரையைப் பார்க்கிறார்கள். போன முறை கால் வலிக்கிறது என்று சுவரோரப் பெஞ்சில் சற்று உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.